பின்னால் பெட்டி தூக்கிப் போகிறவன்

"ஹலோ… அண்ணி?… கேக்குதா?… ஆமா, நான்தான்… இல்ல இல்ல, ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன். ஏன், சும்மா போன் பண்ணக் கூடாதா நான்?… சத்தமா? அது மெஷின். துணி அலசுது… ஆமா ஆமா, வேலையிலதான் இருக்கேன். அதான் மெதுவாப் பேசறேன்."

மெதுவாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டே, ஓட்டலின் சலவை அறை முழுக்கக் கேட்கும்படிதான் சின்னவள் பேசினாள். வீட்டில் இளையவள் என்பதால் சின்னவள். வயது நாற்பதை நெருங்கியும் அந்தப் பெயர் மட்டும் வளரவில்லை. இஸ்திரி போட்ட படுக்கை விரிப்புகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்த சந்தில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். அதைச் சொன்னால் வெள்ளிக்கிழமை அண்ணிக்கு நடக்கவிருக்கும் கல்யாணம் நின்றே போகலாம். அதனால் சுற்றி வளைத்து எங்கேயோ போய் ஆரம்பித்தாள்.

"நாடகம் எதாவது பாக்கறீங்களா அண்ணி இப்போ?… கொரியன்தான், வேற என்ன… நேரமே இல்லையா? ஆமா, கல்யாணப் பொண்ணுக்கு எங்க நேரம்… சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்… நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். மடிக்கறதுக்குக் கை போதும், கண்ணு சும்மாதானே கெடக்கு. அந்தக் கீறல் விழுந்த பழைய போன் இருக்குல்ல, அத அலமாரில சாச்சு வெச்சுட்டேன்னா ஒரு பாரம் துணிக்கு ஒரு எபிசோடு ஓடிடும்… பிடிக்குதான்னா… பிடிக்குதுன்னும் சொல்ல முடியாது, பிடிக்கலன்னும் சொல்ல முடியாது. அந்தக் கையப் புடிச்சு இழுக்கறது இருக்கே, அது எனக்கு ஆகவே ஆகாது. அவ பாட்டுக்கு ரோட்டுல போறா, மணிக்கட்டப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போறான், அதுக்கு ஒரு பாட்டு வேற… அதானே, என்ன இழுத்தா செருப்பு பிஞ்சிருக்கும்."

"…"

"அப்புறம் அந்த லாரி. ஹீரோ ரோட்டக் கடக்கறப்போ கொஞ்சம் சந்தோஷமா சிரிச்சிட்டான்னா போதும், எங்கருந்தோ லாரி வந்துடும்… ஆமா ஆமா, வெள்ளை லாரி. அடிபட்டு எழுந்தா ஊரு, பேரு, சொத்துபத்து எல்லாம் ஞாபகம் இருக்கும், அவள மட்டும் மறந்திருக்கும். அது என்ன மறதியோ, ஆளப் பாத்து வருது… ஆனா ஒண்ணு ஒத்துக்கணும் அண்ணி. அழறதுன்னா அவங்கதான். மூக்கு செவந்து, மூஞ்சி கோணி, அசிங்கமா அழறாங்க. நம்ம அழற மாதிரியே… ஆமா, நீங்கதான் முதல்ல சொன்னீங்க அத."

அண்ணி அதைச் சொன்னது, அண்ணன் போன படகு திரும்பவில்லை என்று செய்தி வந்த வருஷம். கொரியாவுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போனவன் அவன். புயலில் படகு கவிழ்ந்தது. மற்றவர்களின் உடல் கிடைத்தது, அவன் உடல் மட்டும் கிடைக்கவில்லை. கம்பெனி அவனுடைய பையை அனுப்பியது, கூடவே இரங்கல் கடிதம் ஒன்று. அண்ணி தூங்குவதை விட்டுவிட்டாள். நாடகத்தைக் கதைக்காக யார் பார்த்தார்கள்? அவன் நடந்த தெரு எப்படி இருக்கும், அவன் நின்ற பஸ் ஸ்டாப் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இரண்டு பேரும் அந்த நாடகங்களைப் போட்டார்கள். ஹீரோ முன்னால் நின்று மாய்ந்து மாய்ந்து காதலைச் சொல்லுவான். இவர்கள் அவன் தோளுக்குப் பின்னால் போகிறவர்களைப் பார்ப்பார்கள். கதை பிடித்துப்போனது அதற்கு அப்புறம்தான்.

"மாப்பிள்ளை கண்ணாடிக்காரர் எப்படி இருக்காரு?… கடையிலயா?… நீங்களும் அங்கதான் இருக்கீங்களா?… மழையில நனஞ்சுட்டே உங்க கண்ணாடிய ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்து குடுத்தாரே, அன்னிக்கே சொன்னேன்ல நான், இவரு செகண்ட் ஹீரோதான்னு… அட, கேலி இல்ல. எனக்கு எப்பவும் செகண்ட் ஹீரோவத்தான் பிடிக்கும். பாவம், கொடை பிடிப்பான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவான், கடைசில அவ முதல் ஆளுகிட்டயே போயிடுவா… ஆமா, உங்களுக்கும் அதுல கோவம் வரும். எத்தன தடவ டிவிய அணைச்சிருக்கீங்க."

அவள் குரல் இந்த இடத்தில் சற்று இறங்கியது.

"அண்ணி… இன்னொரு விஷயம் எனக்குப் பிடிக்காது. செத்துட்டான்னு நெனச்ச ஆளு திரும்பி வருவான் பாருங்க, பதினாலாவது எபிசோடுல. அவ அப்பத்தான் நாலு வாய் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சிருப்பா. கதவத் தட்டுவான். அப்படியே நிப்பான்… எதுக்குச் சொல்றேன்னா… இல்ல, அழல. சளி… அண்ணி, புதுசா ஒண்ணு வந்திருக்கு, துறைமுகத்துக் கதை. கன்னத்துல குழி விழுமே, அவன்தான் ஹீரோ. அதுல ஒரு சீன் வருது. மீன் ஏலம் விடற எடத்துல நின்னுட்டு அவளுக்குப் போன் பண்ணி அழறான். பின்னாடி ஆளுங்க மீன் பெட்டி தூக்கிட்டுப் போறாங்க. நான் எப்பவும்போலப் பின்னாடிதான் பாத்துட்டிருந்தேன்."

"…"

"மஞ்சள் மழைக்கோட்டு போட்டவன் ஒருத்தன். எடது தோளு எறங்கி, வலது காலக் கொஞ்சம் வீசி வீசி… இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன். நடுவுல ஒரு தடவ நேரா கேமராவப் பாக்கறான் அண்ணி. பாக்கக் கூடாதுல்ல அவங்க? பாக்கறான். என்னயே பாக்கற மாதிரி இருந்துச்சு."

அன்றைக்கு மடித்துக்கொண்டிருந்த விரிப்பு கையிலிருந்து ஈரத் தரையில் விழுந்து, அதை மறுபடி அலசப் போட வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பாரத்துக்கும் அவள் வேறு எபிசோடு பார்க்கவில்லை.

"நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். நிறுத்தினா அவன் இல்ல அண்ணி. வேற யாரோ. மூஞ்சியே கலங்கிப் போயிடுது. ஓட விட்டா அவன்தான். அண்ணனோட அந்த நட வேற யாருக்கு வரும், சொல்லுங்க… பழசு இல்ல. அந்த ஹீரோ போன வருஷம்தானே அங்கத்த கட்டாயப் பட்டாளம் முடிச்சு வந்தான், முடிகூட ஒழுங்கா வளரல அதுல. படகு போய் ஏழு வருஷம் ஆச்சு… அப்போ இது… இருங்க அண்ணி, ஒரு நிமிஷம். வைக்காதீங்க."

"ஆங் சார்… மூணாவது மாடித் துண்டா? அப்பவே ஏத்தி அனுப்பிட்டேன் சார்… இல்ல சார், யாருகூடவும் இல்ல, நானாத்தான் பேசிக்கறேன்… சரி சார், தலையணை உறையும் அனுப்பிடறேன் சார்… சூப்பர்வைசர் போயிட்டான் அண்ணி. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் திரியறான்."

"…"

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?… ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க? பைத்தியம் மாதிரி உளர்றேன்னாவது சொல்லுங்க… எந்த நாடகம்னுகூடக் கேக்க மாட்டேங்கறீங்க…"

"…"

"என்ன?… பாத்துட்டீங்களா?"

சின்னவள் வாளியிலிருந்து எழுந்து நின்றாள். கால் துணி அடுக்கில் பட்டு மேலே இருந்த நாலு உறைகள் சரிந்து விழுந்தன. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"எப்போ?… மாசியா? நாடகம் வந்த உடனேயா?… ஆமா, பாப்பீங்க. நீங்களும் பின்னாடிதானே பாப்பீங்க. எனக்கு ஏன் தோணல அது… அண்ணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும். கண்ணாடிக்காரருக்குச் சரின்னு சொன்னீங்களே. அது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"…"

"பின்னாடியா."

அவளுக்குக் கோபம் குபுகுபுவென்று ஏறியது. ஏழு வருஷமாக ஒரே கிண்ணத்தில் அழுகையைப் பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட அண்ணி இதை முந்தானையில் முடிந்துகொண்டு ஒன்றும் தெரியாதவள் போல் இருந்திருக்கிறாள்.

"எப்படி அண்ணி மனசு வந்துச்சு? செத்துட்டான்னு நெனச்சப்போ அந்த மனுஷன் எத்தன தடவ வந்து கேட்டாரு, ஏறெடுத்துப் பாக்கல நீங்க. உசுரோட இருக்கான்னு தெரிஞ்சப்புறம் சரின்னு சொல்லியிருக்கீங்க. இது என்ன நியாயம்? என்கிட்ட ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த… அம்மாதான் போய்ச் சேந்துட்டாங்க. அவன அடையாளம் சொல்ல நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு இருக்கா?… கத்தல. கத்தல நான்… என்ன?… சிரிச்சானா?"

"…"

"எப்போ சிரிச்சான்?… இல்ல, நான் அவன் கேமராவப் பாக்கறதோட நிறுத்திடுவேன். அதுக்கு மேல ஓட விட்டதே இல்ல… இருங்க. இங்கதான் இருக்கு. போடறேன்."

பழைய போனில் அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, அங்கேதான் நின்றிருந்தது. ஹீரோ மூக்கு சிவந்து அழுதான். மஞ்சள் கோட்டுக்காரன் நேராக அவளைப் பார்த்தான். சின்னவளின் விரல் பழக்கத்தில் நிறுத்தப் போனது, அவள் அதை இழுத்துக்கொண்டாள். பார்த்தவன் திரும்பினான். பக்கத்தில் வந்தவனிடம் என்னவோ சொன்னான். தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்க, பெட்டியில் இருந்த ஐஸ் சிதறும்படி சிரித்தான். சின்ன வயதில் அடுத்தவன் சறுக்கி விழுந்தால் அவன் சிரிக்கும் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

"பாத்துட்டேன் அண்ணி."

"…"

"ம்… ஆமா. அதே சிரிப்புதான்… ஒரு கொறையும் இல்லாம இருக்கான்… லாரி அடிச்சு மறந்து போச்சுன்னு வெச்சுக்கலாமா அண்ணி? நாடகத்துல வர்ற மாதிரி? தலையில அடிபட்டு, நம்மள மட்டும்… ம்… இல்ல, அப்படி மறந்தவன் அப்படி நேராப் பாக்க மாட்டான். ஊருக்கெல்லாம் போற படத்துல மூஞ்சியக் காட்டணும்னுதான் பாத்திருக்கான். இல்லன்னா தெரியாமப் பாத்தானோ… தெரியல அண்ணி. எனக்கு ஒண்ணும் தெரியல."

"…"

"ஆமா… ஆமா, கேக்குது. சொல்லுங்க… ம்… பசியில கெடப்பானோ, ஜெயில்ல கெடப்பானோன்னு நீங்க சாமத்துல எழுந்து உக்காந்தது எனக்குத் தெரியாதா?… ம்… கஷ்டத்துல இருந்தா நீங்களே கடல நீந்திப் போயிருப்பீங்க. அது தெரியும்… கடல்ல போனவனுக்காகக் காத்திருக்கலாம். சிரிச்சுட்டுப் போறவனுக்காக எங்கன்னு காத்திருக்கறது… அதான் இவருக்குச் சரின்னீங்களா… அழாதீங்க அண்ணி. கடையில ஆளுங்க இருப்பாங்க. கண்ணாடிக்காரரு பாத்துடப் போறாரு… அவருக்குத் தெரியுமா?… தெரிய வேண்டாம். நீங்க சொல்லாதீங்க."

மெஷின் சுழன்று ஓய்ந்தது. அறை திடீரென்று அமைதியானதில், அண்ணி அந்தப் பக்கம் மூச்சு விடுவதுகூட அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவள் சின்னவள்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முன்னால், செத்தவனின் தங்கையாக. வாயைத் திறந்தால் அண்ணன் உயிரோடு இருக்கிறவன் ஆகிவிடுவான், அண்ணி மறுபடி அவன் பெண்டாட்டி ஆகிவிடுவாள். அவனைத் தேடிப் பிடித்து, சட்டையைப் பிடித்து உலுக்கி ஏன்டா என்று கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஒரு தடவை அண்ணா என்று கூப்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"அண்ணி… வர்றேன் வெள்ளிக்கிழம. கையெழுத்துப் போடறேன்… இருங்க, நன்றியெல்லாம் சொல்லாதீங்க, கேக்க முடியல. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க எனக்காக. அது அவன் இல்லன்னு ஒரு தடவ சொல்லிடுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல. உங்க வாயால கேட்டுட்டேன்னா நிம்மதியா வந்து நிப்பேன்… சொல்லுங்க."

"…"

"சொல்லுங்க அண்ணி."

"…"

"முடியலையா…"

"…"

"சரி, சரி. விடுங்க. நீங்க சொல்ல வேணாம். அவனக் கட்டிக்கிட்டு வந்தவ, உங்க வாயில அது வராது. நான் கூடப் பொறந்தவ. நானே சொல்றேன். கேக்குதா?… அது அவன் இல்ல அண்ணி. நல்லாப் பாத்துட்டேன். அது அவன் இல்ல… வெச்சிடறேன்."