தேருக்கு அடியில் எடுத்த வீடியோ

வீடியோவை டிஸ்க்கில் எழுதும்போது கம்ப்யூட்டரில் வேறு எதையும் திறக்கக் கூடாது. என்னுடையது பழசு. பாதியில் நின்றுவிட்டால் டிஸ்க் வீண். அதனால் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பதற்றமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை.

எங்கள் ஊர் மாதா கோவில் திருவிழாவை வருடாவருடம் நான்தான் வீடியோ எடுப்பேன். தேர்பவனியில் எல்லார் போனும் மாதா முகத்தையே பார்த்திருக்கும். கீழே தோள் கொடுப்பவர்களை யாரும் எடுப்பதில்லை. நான் எடுப்பேன். சின்னப்பராஜ் அங்கேதான் இருப்பார். கேமராவைப் பார்த்தால் சிரிப்பார். வாய்விட்டு அவர் எதுவும் சொன்னதில்லை. அப்படிச் சிரிப்பவர் சொல்லவும் வேண்டுமா?

அந்த வருடம் பவனியின்போது, தேருக்குப் பின்னால் இருந்த சந்தில் தங்கப்பாண்டியை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். திராட்சைத் தோட்டத்துத் தண்ணீருக்காக அவருக்கும் சின்னப்பராஜுக்கும் ஏற்கெனவே கைகலப்பு. போலீஸ் சின்னப்பராஜைக் கூட்டிப்போனது. ஒரு வேண்டுதல் நேர்ச்சைக்காகக் கடைசிவரை தோள் மாற்றாமல் தேர் சுமந்தேன் என்றார் அவர். மற்றவர்கள் முக்குக்கு முக்கு ஆள் மாறியவர்கள். எங்கே யார் இருந்தார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ‘ரோஸ்லின் என்னையத்தான் எடுத்துக்கிட்டிருந்துச்சு’ என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார். ஆக, தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

அவருடைய அம்மா பாக்கியம் என்னைத் தேடி வந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

“ஆத்தா, வக்கீல் டிஸ்க்காக் கேட்டாக. பென் டிரைவ்னா மாத்திப்புட்டம்பாகளாம். டிஸ்க்குல எழுதுனா எழுதுனதுதானாமே?”

“ஆமா அத்தை. எழுதிட்டா மாத்த முடியாது.”

அது பொய்யில்லை. எழுதுவதற்கு முன்னால் என்ன செய்யலாம் என்று அவர் கேட்கவில்லை.

கொடுக்கத்தான் நினைத்தேன். அவர் போனதும், சின்னப்பராஜ் தேர் சுமக்கும் அந்த வீடியோத் துண்டைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன். ஜெபமும் பாட்டும் தெளிவாகக் கேட்க, தேர்க்கட்டையில் சின்ன மைக் ஒன்று கட்டியிருந்தேன். சுமந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

“ஏலே, மாத்திவிடுலே. யாருக்குலே இம்புட்டு நேர்ச்சை?” சின்னப்பராஜின் சிநேகிதன் ஆண்டனி ராஜின் குரல்.

“கம்பம் ஊர்ல ஒரு பொண்ணுக்கு. ஷெரின்னு பேரு.” இது சின்னப்பராஜ்.

“அப்ப இங்கன ஒண்ணு கேமராவத் தூக்கிட்டு உன் பின்னாலயே அலையுதே?”

“அதுவா? பாவம்லே. சும்மா சிரிச்சு வச்சேன்.”

அதற்குப் பிறகுதான் சந்திலிருந்து அலறல் கேட்கிறது. எல்லார் தலையும் திரும்புகிறது. சின்னப்பராஜ் தலையும். தோளில் தேர் இருக்கிறது.

அந்தத் துண்டை விட்டுவிட்டு மீதியை டிஸ்க்கில் எழுதினேன். மெமரி கார்டை அடுத்து வந்த கல்யாணத்துக்காக அழித்தேன்.

கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். தேர் கிளம்பும்போது அவர் இருக்கிறார். கோவிலுக்குத் திரும்பும்போது இருக்கிறார். நடுவில் இல்லை. அரசு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டார். ஆண்டனி ராஜின் சாட்சியைச் சிநேகிதன் என்று தள்ளிவிட்டார்கள். பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன் என்றேன் நான். அவரைத்தான் எடுத்தீர்களாமே என்று கேட்டார்கள். அவரை நான் எதற்கு எடுக்க வேண்டும் என்றேன். கூண்டிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. ஆயுள் தண்டனை.

அந்தத் துண்டை மட்டும் இன்னொரு டிஸ்க்கில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். அப்பீலுக்கு வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் கொஞ்சம் வேலை செய்துதான் எழுதினேன். யாருக்கு நேர்ச்சை என்று ஆண்டனி ராஜ் கேட்டதற்குப் பிறகு, அலறல்வரைக்கும் சத்தம் இருக்காது. சின்னப்பராஜ் உதடு மட்டும் அசையும்.

பக்கத்தில் வந்து பாருங்கள். ரோஸ்லின் என்றுதான் சொல்கிறார்.