திங்கட்கிழமைக் குடங்களும் ஓர் உடைந்த கண்ணாடியும்

தலைமை தாங்கி நடுநாயகமாக வீற்றிருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே! வர இயலாது என்று இரண்டு முறை சொல்லியும், மூன்றாம் முறை நானே நேரில் போய் அழைத்ததால் வந்திருக்கும் குடிநீர்ப் பொறியாளர் அவர்களே! என்னைப் பார்ப்பதற்கு அஞ்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வார்டு அலுவலக எழுத்தர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் பின்வரிசையில் முணுமுணுப்போடும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஆயிரம் வேலைகளை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஒரு வேலையும் இல்லாததால் வந்திருக்கும் தந்தைமார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் என்னைப் பற்றி உலவும் செய்திகளில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. வார்டு அறிவிப்புப் பலகையின் கண்ணாடியை நான் கைத்தடியால் உடைத்தேன் என்கிறார்கள். தவறு. எனக்குக் கைத்தடி கிடையாது. இன்னும் அந்த நிலை வரவில்லை. குடையால் உடைத்தேன். ஆத்திரத்தில் உடைத்தேன் என்கிறார்கள். அதுவும் தவறு. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடம் பார்த்து, நிதானமாக, ஒரே ஒரு தட்டு. பிறகு சில்லுகளை நானே கூட்டி அள்ளினேன். கான்வென்ட்டில் வளர்ந்தவள் குப்பையைப் போட்டுவிட்டுப் போக மாட்டாள். மூன்றாவது, இன்று இந்த மேடையில் நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்கிறார்கள். இது எல்லாவற்றிலும் பெரிய தவறு.

யாரது, ‘குடை எங்கே’ என்று கேட்பது? வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் ஐயா. இத்தனைக்கும் மேடையில் உடையக்கூடியது உறுப்பினரின் மூக்குக்கண்ணாடி ஒன்றுதான்.

பின்வரிசையில் சிலர் எழுந்து போகப் பார்க்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். இன்று திங்கட்கிழமை. உட்காருங்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்தப் பலகையின் வரலாறு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கண்ணாடிக் கதவு போட்டு, பூட்டுப் போட்டு, நம் தெருமுனையில் நிற்கிறது. முன்பு இருந்த எழுத்தர் ஒருநாள் அதற்குள் ஓர் அறிவிப்பை ஒட்டினார். ‘செவ்வாய்க்கிழமை தண்ணீர் வராது. முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளவும்.’ எந்தச் செவ்வாய்? எந்த மாதம்? தேதி இல்லை. ஒட்டினார், பூட்டினார், சாவியைச் சட்டைப்பையில் போட்டார், மாற்றலாகிப் போனார். சாவியும் அவரோடு மாற்றலாகிப் போயிற்று.

புதிய எழுத்தரிடம், இதோ இவரிடம்தான், அதை எடுக்கச் சொன்னேன்.

“சாவி இல்லீங்கம்மா” என்றார்.

“பூட்டை உடைக்கலாமே, தம்பி?”

“உடைக்கிற அதிகாரம் எனக்கு இல்லீங்கம்மா.”

“யாருக்கு இருக்கு?”

“அதைச் சொல்ற அதிகாரமும் எனக்கு இல்லீங்கம்மா.”

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன கேட்பாள்?

ஆக, அந்தத் தாள் உள்ளேயே இருந்தது. நம் மக்களின் மரியாதையை என்னவென்பேன்! காணாமல் போன பூனைக்கு விளம்பரம், வாடகைக்கு வீடு, தட்டச்சு வகுப்பு எல்லாவற்றையும் கண்ணாடியின் மேல் வெளிப்பக்கமாக ஒட்டினார்கள். ஆனால் நடுவிலே ஒரு ஜன்னல் அளவு விட்டுத்தான் ஒட்டினார்கள். எதற்கு? தண்ணீர் அறிவிப்பு மறையக் கூடாதாம்! தாள் மஞ்சளாயிற்று, மை மங்கிற்று, நம் நம்பிக்கை மட்டும் மங்கவில்லை.

திங்கட்கிழமை மாலை வந்தால் போதும். குடம் நிறைந்தது, குவளை நிறைந்தது, குண்டான் நிறைந்தது, கூஜா நிறைந்தது. அண்டா நிறைந்தது, அடுக்கு நிறைந்தது. முடிதிருத்துபவர் சவரக் கிண்ணங்களில் பிடித்தார். புதுமணப்பெண் பூச்சாடியில் பிடித்தாள். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் எதில் பிடித்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். மேடை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். நானும் பிடித்தேன், மறுக்கவில்லை. ஆனால் மூடி போட்டு வைத்தேன்.

விடிந்தால் செவ்வாய். குழாயைத் திறந்தால் காற்று! வெறும் காற்று! உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு!

உடனே நமக்கு என்ன தோன்றியது? அலுவலகத்தின் மேல் கோபமா? அதுதான் இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரரை எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அவரைச் செய்திச் சுரங்கம் என்பீர்கள். அவர் வாசலில் நின்று மெய்சிலிர்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா அக்கா? வராதுன்னு சொன்னாங்க, வரலை. சொன்ன சொல் தவறாத ஆபீஸ்னா இதுதான்!”

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிப்புக்கு இடையில் ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

இந்த மண்டபத்தின் பக்கத்து அறையில் செவ்வாய்தோறும் என்ன நடந்தது? செவிலியர் வருவார். குழந்தைகளை எடை போடுவார், தடுப்பூசி போடுவார், பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பார். செவ்வாயில் தண்ணீர் நின்றது. கை கழுவ முடியாத இடத்தில் நான் எப்படி ஊசி போடுவேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. முகாமை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றினார்கள். தற்காலிகம் என்றார்கள்.

என் வீட்டுக் கீழ்ப்பகுதியில் தையற்காரர் குடும்பம் இருக்கிறது. அவருடைய மருமகள் இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று சுமக்கிறாள். போன மாதம் ஒரு செவ்வாயன்று, இரண்டு பேருந்து மாறி, அந்த நெடுஞ்சாலையைக் கடக்க வழியில்லாமல் வெயிலில் நின்று, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தாள். முகாம் முடிந்து கதவைச் சாத்தியிருந்தார்கள். திரும்பி வந்து என் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“ஊசி போட்டாச்சாம்மா?” என்றேன்.

“இல்லைம்மா. அடுத்த வாரமும் போகணும்.” இடுப்பிலிருந்த பிள்ளையை மடியில் இறக்கிக்கொண்டு, “ரோட்டைத் தாண்டறப்போ ஒரு லாரி... இவன் கையை உதறிட்டான்மா. நல்லவேளை, சட்டைக் காலர் கையிலே மாட்டுச்சு” என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன். அழாததால்தான் குடையை எடுத்துக்கொண்டு குடிநீர் அலுவலகத்துக்குப் போனேன்.

பொறியாளர் அவர்களே, அன்று நீங்கள் சொன்னதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன்; பிசகினால் திருத்துங்கள்.

“செவ்வாய்க்கிழமை ஏன் தண்ணீரை நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்டேன். விழித்தீர்கள்.

“நாங்க நிறுத்தறதே இல்லையேம்மா. என்னைக்கோ ஒருநாள் குழாய் ரிப்பேருக்கு நிறுத்தினதோட சரி. உங்க பகுதித் தொட்டிதான் திங்கட்கிழமை சாயங்காலமே அடிமட்டத்துக்குப் போயிடுது. மறுபடி நிரம்ப ஒருநாள் ஆகுது.”

“ஏன் என்று விசாரிக்கவில்லையா?”

“வாராவாரம் திங்கட்கிழமை உங்க பக்கம் ஏதோ விசேஷம்னு நினைச்சோம்மா. என்ன விசேஷம்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு.”

தலையை ஆட்டுகிறார், பாருங்கள்! கேட்டீர்களா பெரியோர்களே? கேட்டீர்களா தாய்மார்களே? நம் தண்ணீரை நிறுத்தியது யார்? அரசாங்கமா? ஆகாயமா? நம் அண்டா! செவ்வாயன்று வராது என்று அஞ்சித் திங்களன்று பிடித்தோம். திங்களன்று பிடித்ததால் செவ்வாயன்று வரவில்லை. வரவில்லை என்பதால் மறு திங்களும் பிடித்தோம். தன் நிழலைத் திருடன் என்று துரத்திக்கொண்டு ஓடியவன் கதைதானே இது, வேறென்ன?

இதை வீடு வீடாகச் சொன்னேன். யார் நம்பினார்கள்? “நீங்க சொல்றது சரிதாம்மா, ஆனா பலகையிலே போட்டிருக்கே!” எழுத்தர், பாவம், என் தொல்லை தாங்காமல் ‘செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரும்’ என்று ஒரு தாள் எழுதி வெளியே ஒட்டினார். உள்ளே ‘வராது’, வெளியே ‘வரும்’. நம் மக்கள் இரண்டையும் படித்தார்கள், யோசித்தார்கள், இரண்டு ஆபீஸுக்குள் சண்டை போலிருக்கிறது, நமக்கெதற்கு வம்பு என்று, அந்த வாரம் இரண்டு மடங்கு பிடித்தார்கள்!

அதற்குப் பிறகுதான், அன்பர்களே, ஒரு திங்கட்கிழமை, குடை.

“அம்மா! அது அரசாங்கக் கண்ணாடி!” என்று எழுத்தர் ஓடி வந்தார். “அரசாங்கத் தாள் இதோ, தம்பி” என்று அறிவிப்பை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

அன்று மாலை நடந்ததை வர்ணிக்க எனக்கு வாய் போதாது. குடத்தோடு வந்தவர்கள் வெறும் பலகையைப் பார்த்து, தாயைத் தொலைத்த பிள்ளைகள் போல் நின்றார்கள். “இன்னைக்குப் பிடிக்கணுமா, வேண்டாமா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். சொல்வதற்குப் பலகையில் தாள் இல்லை. வெறுங்குடத்தோடு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் செவ்வாய். முகம் முழுக்கச் சோப்போடு செய்திச் சுரங்கம் தெருவுக்கு ஓடி வந்தார். “அக்கா! தண்ணி வருது! நிக்காம வருது! எங்கேயோ ஏதோ தப்பு நடந்திருக்கு!” என்று அலறினார். வார்டு அலுவலகத்துக்குப் புகாரும் செய்தார். மறுக்காதீர்கள் செய்திச் சுரங்கமே, பக்கத்தில் நின்று கேட்டேன்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? அலுவலகம் என்ன செய்தது? புதுக் கண்ணாடி போட்டது. புதுப் பூட்டுப் போட்டது. பலகை காலியாக இருக்கக் கூடாது என்று விதியாம். எடுத்த அறிவிப்பையே எழுத்துப் பிசகாமல் புதிதாக அச்சிட்டு, வண்ணத்தில், மறுபடி உள்ளே ஒட்டியது! திங்கட்கிழமைக் குடங்களும் மறுபடி கிளம்பின. என்னிடம் எழுத்து மூலம் விளக்கமும் கேட்டது. தந்திருக்கிறேன், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

இன்றைய கூட்டத்தின் கடைசித் தீர்மானம் என்ன? ‘செவ்வாய்க்கிழமைகளில் தண்ணீர் இல்லாத காரணத்தால், மருத்துவ முகாம் நெடுஞ்சாலைக்கு அப்பால் நிரந்தரமாக மாற்றப்படுகிறது.’ நிரந்தரமாக! அந்தச் சாலையை நாள்தோறும் காரில் கடப்பவர்களுக்கு அது ஒரு சொல். இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாகக் கடப்பவளுக்கு? மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், கேளுங்கள். மடியில் இருப்பவன் உறுப்பினருக்குக் கை காட்டுகிறான். பதிலுக்குக் காட்டலாம், தவறில்லை.

உறுப்பினர் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘நேரமாகிவிட்டது, முடிக்கவும்.’ ஐயா, இதில் தேதி இல்லை. தேதி இல்லாத அறிவிப்பை நம்பி நாம் பட்டது போதாதா?

என்றாலும் முடிக்கிறேன். ஏனென்றால் நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது.

நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்ற செய்தி எப்படிப் பரவியது என்று யோசித்தீர்களா? செய்திச் சுரங்கத்திடம் போய், “திங்கட்கிழமை மேடையிலே பேசப்போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று சொன்னேன். அவ்வளவுதான். மன்னிப்பை அவரே சேர்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷப் பழக்கம்! நான் பொய் சொல்லவில்லை, கான்வென்ட்டில் படித்தவள். நான் தலைகுனிவதைப் பார்க்க வீட்டுக்கு ஒருவர் அல்ல, வீடே வரும் என்றும் தெரியும். வந்திருக்கிறீர்கள். தெரு முழுவதும் இங்கே இருக்கிறது. எல்லாக் குழாய்களும் அங்கே மூடிக் கிடக்கின்றன. இரவுக்காகத் தொட்டியின் வால்வை எட்டு மணிக்கு மூடுவார்கள் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். இப்போது எட்டு தாண்டிவிட்டது.

எழுந்து ஓடாதீர்கள்! பயனில்லை!

எந்தக் குடமும் நிறையவில்லை. ஆகவே தொட்டி நிறைந்திருக்கிறது. நாளை காலை இந்தப் பக்கத்து அறைக் குழாயைத் திறந்து பாருங்கள், உறுப்பினர் அவர்களே. உங்கள் கையால் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் தீர்மானத்தின் காரணம் போயிற்று; காரணம் போனால் தீர்மானம் எதற்கு? பலகை சொல்வதை நம்பிய மக்களே, குழாய் சொல்வதையும் ஒருநாள் கேட்கக் கூடாதா? ஒரு தாளுக்காக வாராவாரம் குடம் தூக்கிய கைகள், ஒரு தாய்க்காக ஒரு திங்கட்கிழமை சும்மா இருக்கக் கூடாதா? கூடும் என்றால் கை தட்டுங்கள். முடிதிருத்துபவரே, உங்கள் கையும் தட்டலாம். இன்று கிண்ணம் இல்லை.

நன்றி. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்டவர்களுக்கும், வாசலில் என் குடையைக் காவல் காப்பவருக்கும் நன்றி. எல்லோருக்கும் மீண்டும் வணக்கம்.

உறுப்பினர் அவர்களே, நாளை தண்ணீர் வந்தால், செவிலியர் இனிச் செவ்வாய்தோறும் இந்த மண்டபத்துக்கே வருவாரா, மாட்டாரா? தயவுசெய்து எழுத்து மூலம் பதில் தாருங்கள். தேதி போட்டு, கையெழுத்திட்டு, என் கையில் தாருங்கள். பலகையில் ஒட்ட வேண்டாம்.