பால்பல் தாடை

அடுத்தவர் வயதைக் கிண்டிக் கிளறுவது நல்ல பழக்கமில்லைதான். எங்கள் வீட்டில் அதுவே பிழைப்பு. தம்பி பூமியைத் தோண்டி எலும்பெடுப்பான். நான் அருங்காட்சியகத்தின் பின்னறையில் அதைச் சுத்தம் செய்து ஒட்டுவேன். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தம்பி பெண்டாட்டிக்கு அதுதான் உத்தியோகம். பல்லைப் பார்த்தே, விலங்கு சாகும்போது என்ன வயது என்று சொல்லிவிடுவாள். ஒரு தரம் நாலு பேர் முன்னால் என் வயதையும் சொன்னாள். நாத்தனார் என்ற முறையில் நானும் சிரித்து வைத்தேன். மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

தம்பிக்கு ஒரு மண்டையோடு கிடைத்தது. கொம்பில்லாதது. இன்றைய காண்டாமிருகத்துக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை என்று வையுங்கள். வயது மூன்று கோடி வருடம். கீழ்த்தாடை மட்டும் இல்லை. தம்பிக்குத் தலைமைப் பதவி கொடுக்கலாமா என்று மேலிடத்தில் யோசித்துக்கொண்டிருந்த நேரம். மோவாயில்லாத முகத்தை எவர் மதிப்பார்? அலமாரியில் அதே இனத்துத் தாடை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. ஒட்டினேன். "மண்கட்டிக்குள்ளயே இருந்துச்சுடா" என்றேன். அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

காட்சிக்கு வைக்க இருந்த வாரம் தம்பி பெண்டாட்டி வந்து நின்றாள்.

"அண்ணி, மேல்பல்லு தேஞ்ச கிழடு. கீழ இருக்கறது பால்பல்லு. ஒரே வாயில தாத்தாவும் பேரனுமா?"

"சில கிழங்களுக்கு மறுபடி முளைக்கும்மா."

அவள் சிரிக்கவில்லை. "நாமளே சொல்லிடலாம். வேற யாராவது கண்டுபிடிச்சா அவர் மானம்தான் போகும்."

அசல் தாடை தோண்டிய பள்ளத்திலேயே இருக்கும், தேடலாம் என்று கூட்டிப்போனேன். அது பொய்யில்லை, நானும் அப்படித்தான் நம்பினேன். பாறை துருத்திய இடத்துக்கு அடியில் அவள் குனிந்து நுழைந்தாள். முட்டுக்கொடுத்திருந்த கட்டையைச் சுத்தியலால் தட்டினேன்.

"தட்டாதீங்க அண்ணி, மண்ணு உதிருது" என்றாள்.

மறுபடி தட்டினேன்.

அவளை எடுத்துக்கொண்டு போனபின், சரிந்த மண்ணில் அசல் தாடை கிடைத்தது. தேய்ந்த பற்கள். மேல்தாடையோடு கச்சிதமாகப் பொருந்திற்று. பழையதைப் பிரித்துவிட்டு இதை ஒட்டினேன். ஆகவே இப்போது அந்தத் தலையில் பொய் ஒன்றுமில்லை.

தம்பி வந்து வெகுநேரம் தாடையையே பார்த்தான். "முன்ன இருந்தது எங்கக்கா?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டான். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறான் போல. எனக்கு வருத்தமில்லை. கோபம் ஆறினால் வீட்டுக்கு வந்துவிடுவான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?