குருத்துப் பச்சைச் சுவர்

— தட்டாதே! அந்தச் சுவத்துல இருந்து கையை எடுன்னு சொல்றேன்ல? புரோக்கர் வெளியே நின்னு போன் பேசிக்கிட்டிருக்காரு. அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பாரு?

— நினைக்கட்டும்க்கா. வீடு வாங்க வந்தவன் சுவத்தைத் தட்டாம வேற எதைத் தட்டுவான்?

— வாங்கப்போறது நான். நீ கூட வந்தவன், அவ்வளவுதான். தம்பி பெயிண்டராச்சே, சுவர் பார்க்கத் தெரிஞ்சவனாச்சேன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே. இன்னும் இறக்கலை.

— சொன்னா கேளு. இந்த வீடு வேணாம்.

— ஏன் வேணாம்?

— வேணாம்னா வேணாம்.

— ஆங்? இது ஒரு பதிலா? ஒம்பதாவது வீடுடா இது! முதல் வீட்டுல தண்ணி மஞ்சளா வருதுன்னே. சரி, உண்மைதான், விட்டேன். அடுத்ததுல பத்திரத்துல ரெண்டு அண்ணன் தம்பிதான் இருக்காங்க, மூணாவது தம்பி கையெழுத்து எங்கேன்னு கேட்டே. அதுவும் நியாயம். அப்புறம் ஒரு வீட்டுல மாடிப்படி குறுகல். இன்னொண்ணுல எதிர்வீட்டு நாய் முறைக்குது. நாய் முறைச்சா மனுஷன் வீடு வாங்கக்கூடாதா?

— நாய் விஷயம் விளையாட்டுக்குச் சொன்னது.

— என் பொழப்பு உனக்கு விளையாட்டா இருக்கு! பதினாலு வருஷம். கம்பெனியில ஒரு நாளைக்கு அறுநூறு சட்டையைப் புரட்டிப் பார்த்துத் தள்ளுறேன். காலர் கோணலா, தையல் விட்டிருக்கா, பட்டன் ஆடுதா. கழுத்து பிடிச்சுக்கிச்சு, கண்ணாடி போட்டாச்சு. குடியிருந்த வீட்டுல எல்லாம் ஒரே பாட்டு, ஆணி அடிக்காதே, துணியை இங்கே காயப்போடாதே, யாரு வந்துட்டுப் போனாங்க. எனக்குன்னு ஒரு சுவர். அதுல நான் நினைச்ச இடத்துல ஒரு ஆணி. வேற என்ன கேட்டேன்?

— ஆணி அடிக்கலாம்க்கா. வேற வீட்டுல அடிப்போம்.

— எந்த வீட்டுல? ஊரான் வீட்டுச் சுவத்துக்கெல்லாம் கலர் கார்டைத் தூக்கிட்டு வந்து, அக்கா எது நல்லாருக்குன்னு கேப்பே. நானும் கை வேலையை விட்டுட்டு விரல் வச்சுக் காட்டுவேன். என் சுவத்துக்கு ஒருநாள் கேட்டிருக்கியா? கேக்க எனக்குத்தான் சுவரே இல்லையே! இந்த அறைக்குள்ள கால் வச்சேன், இந்தக் குருத்துப் பச்சையைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். என் மனசுக்குள்ள பூந்து யாரோ எடுத்த மாதிரி இருக்கு.

— கலரைப் பார்த்தா வீடு வாங்குவே நீ?

— வாங்குவேன்! அதுக்கென்ன இப்போ?

— முதல் வீடு வாங்குறவங்க எல்லாரும் இப்படித்தான் விழுறாங்க. சொன்னா கேளு. வீட்டை மூணு தடவை பார்க்கணும். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, மழை நல்லா கொட்டுற அன்னிக்கு ஒருக்கா. எல்லாக் குழாயையும் ஒண்ணாத் திறந்து விடணும். புரோக்கர் பக்கத்துல இல்லாதப்போ அக்கம்பக்கத்துல விசாரிக்கணும். முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு கேக்கணும். அப்புறம், புதுசா பெயிண்ட் அடிச்ச சுவர்னா...

— புதுசா அடிச்ச சுவர்னா?

— ஒண்ணுமில்லை.

— பாதி பேச்சை முழுங்காதே. எனக்குத் தெரியும்டா உன் சங்கதி. நான் இங்கே வந்துட்டா, நாம வாடகைக்கு இருக்குற அந்த ரெண்டு ரூம்ல உனக்கு யாரு சோறு போடுவா, பெயிண்ட் சட்டையை யாரு ஊற வைப்பா? அதானே?

— வாயைக் கிளறாதேக்கா! நீ போறதுன்னா போ. நான் கடையில தின்னுக்குவேன், அழுக்குச் சட்டையே போட்டுக்குவேன். ஆனா இந்த வீட்டுக்குப் போகாதே.

— என்னம்மா இது, அக்கா தம்பி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது! உள்ளதைச் சொல்றேன், வீடு பிடிச்சாத்தான் சண்டை வரும். பிடிக்காத வீட்டுக்கு யாரு சண்டை போடுவா?

— வாங்க புரோக்கர். இவனைக் கண்டுக்காதீங்க.

— ஏன் சார், ஒண்ணு கேக்குறேன். வீடு பூரா வெள்ளை. இந்தப் பின்சுவத்துக்கு மட்டும் ஏன் பச்சை?

— அது இப்போ பேஷன் தம்பி.

— பின்சுவத்துக்கு மட்டும் வர்ற பேஷனா?

— உள்ளதைச் சொல்றேன், வீட்டுக்காரர் ரசனையான மனுஷன். ஆமா, தம்பி என்ன வேலை பண்றீங்க?

— பெயிண்டர்.

— அட! அப்போ தொழில் தெரிஞ்சவர். நீங்களே சொல்லுங்க, வேலை எப்படி இருக்கு?

— வேலையில குறை சொல்ல முடியாது.

— கேட்டீங்களாம்மா? உங்க தம்பி வாயாலயே வந்துடுச்சு! இதோ ஒப்பந்தப் பேப்பர், ஜன்னல்கிட்ட வைக்கிறேன். உள்ளதைச் சொல்றேன், நாலு மணிக்கு இன்னொரு பார்ட்டி வராங்க. புதுசா கல்யாணம் ஆனவங்க, அவங்களுக்கும் இதுதான் முதல் வீடு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அவங்களை வாசலோட அனுப்பிடுவேன். நான் வெளி கேட் பக்கத்துல நிக்கிறேன்.

— பேனா கொடு.

— அக்கா...

— கொடுடா. வேலையில குறை சொல்ல முடியாதுன்னு நீயே சொல்லிட்டே. அப்புறம் என்ன?

— உன் பையில நூல்கண்டு இருக்கா?

— எதுக்கு?

— இருக்கா, இல்லையா?

— இருக்கு. இந்தா.

— நீயே தரையில வை. படுக்க வச்சுட்டுக் கையை எடு. தள்ளாதே.

— வச்சாச்சு. இப்போ என்னவாம்? ஏய்... உருளுது.

— பாரு.

— காத்தா இருக்கும்.

— ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. எங்கே போய் நின்னுச்சு?

— பச்சைச் சுவத்தோரம்.

— தரை அந்தப் பக்கம் இறங்குதுக்கா. வீடு பின்னால சாயுது.

— தரை போட்டவன் கோணலாப் போட்டிருப்பான். ஒரு நூல்கண்டு உருண்டதுக்கு நான் வீட்டை விடணுமா?

— அந்தச் சுவத்துக்குள்ள விரிசல் இருக்கு. ஜன்னலுக்குக் கீழே இடது மூலையில ஆரம்பிச்சு, குறுக்கால ஏறி, சீலிங் வரைக்கும் போகுது. என் சுண்டுவிரல் நுழையும்.

— எங்கே? ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலே என் கண்ணுல படும். எனக்கு ஒண்ணும் தெரியலையே.

— சட்டையைப் புரட்டிப் பார்ப்பே. சுவத்தை எப்படிப் புரட்டுவே?

— அப்போ உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? இரு, இரு. சுண்டுவிரல் நுழையும்னியே. எப்போ நுழைச்சே?

— ரெண்டு மாசம் முன்னாடி.

— என்ன சொல்றே?

— மேஸ்திரி இந்த வீட்டு வேலைக்குக் கூப்பிட்டாரு. நாலு நாள் வேலை, சுவர் புதுசு மாதிரி நிக்கணும்னாரு. சிமெண்ட் அடைச்சேன். மேல வலைத்துணி ஒட்டி, பட்டி மாவை மூணு கை பூசி, உப்புத்தாள் போட்டு இழைச்சேன். முதல்ல சுரண்டுறப்போ உள்ளே ரெண்டு பழைய பட்டி இருந்துச்சுக்கா. எனக்கு முன்னாடியே ரெண்டு பேர் அடைச்சிருக்காங்க. ரெண்டு தடவையும் பிளந்துக்கிட்டிருக்கு.

— தெரிஞ்சா மூடினே?

— மூடுறதுதான் என் வேலை.

— தெரிஞ்சே மூடினியாடா பாவி!

— கத்தாதே. வெளியே கேக்கும்.

— கேக்கட்டும்! ஊருக்கே கேக்கட்டும்! தையல் விட்ட ஒரு சட்டையை நான் மடிச்சு டப்பாவுல போட்டிருக்கேனா? சூப்பர்வைசர் தலைமேல நின்னு குதிச்சப்பகூட எடுத்து வெளியேதான் வீசினேன். சட்டை கிழிஞ்சா வேற சட்டை போட்டுக்குவாங்க. வீடு பிளந்தா எங்கேடா போவாங்க?

— யாரோ வாங்கப்போறாங்கன்னு நினைச்சேன்.

— அந்த யாரோ நான்தான்டா!

— எனக்கு எப்படித் தெரியும்? நீ வீடு வீடுன்னு சொன்னியே தவிர எந்தத் தெருன்னு சொன்னியா? இன்னிக்கு இந்த வாசலைப் பார்த்தப்புறம்தான் இதே வீடுன்னு தெரிஞ்சுது. என் தம்பி கை சுத்தமான கைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறே. உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? அதான் வேணாம் வேணாம்னு கத்தினேன். விடு. பேப்பரை அங்கேயே போட்டுட்டு வா, போலாம். நாம தப்பிச்சோம்.

— நாம தப்பிச்சோம். நாலு மணிக்கு வர்றவங்க?

— அது அவங்க பாடு.

— ரெண்டு மாசம் முன்னாடியும் இதையேதான் சொல்லியிருப்பே. அப்போ அது என் பாடு. சரி, விரிசலை மூடினே. இந்தக் கலரை யாருடா எடுத்தது? மனுஷியை வாசப்படியிலயே கட்டிப்போடுற கலர். வீட்டுக்காரனா, மேஸ்திரியா? எவனா இருந்தாலும் அவன் கையில புழு வைக்க!

— சாபம் விடாதேக்கா.

— ஏன், உனக்கு வலிக்குதா?

— அதை மட்டும் கேக்காதே.

— கேப்பேன். சொல்லு.

— உள்ளே வர்றவங்க கண்ணு சுவத்துல நிக்கக்கூடாது, கலர்ல நிக்கணும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணும் தோணலை. கலர் கார்டை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

— வீட்டுக்கா?

— நீ என் சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தே. ஒரு பொம்பளை உள்ளே நுழைஞ்சதும் வேற எதையும் பார்க்காம அப்படியே நின்னுடணும், எந்தக் கலர்க்கான்னு கேட்டேன். நீ ஊசியை வாயில கவ்விக்கிட்டு, கார்டைப் பார்த்து...

— விரலை வச்சேன்.

— ஆமா.

— ஞாபகம் இருக்கு. கொடுத்து வச்ச மகராசி எவளோன்னுகூடச் சொன்னேன்.

— சொன்னே.

— என்னம்மா, கையெழுத்து ஆச்சா? அவங்க வந்துட்டாங்க. உள்ளதைச் சொல்றேன், வாசல்லயே பிடிச்சு நிக்க வச்சிருக்கேன்.

— உள்ளே வரச் சொல்லுங்க புரோக்கர்.

— எதுக்கும்மா? நீங்க போட்டுட்டா...

— வரச் சொல்லுங்கன்னேன்! தம்பி, உன் பையில பட்டி பூசுற தகடு இருக்கும்ல? எடு.

— அக்கா, வேணாம். மேஸ்திரி இனிமே என்னை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டாரு.

— கூப்பிட வேணாம். எடுடா.

— அம்மா! அம்மா, என்ன பண்றீங்க? ஐயையோ, சுவர்! தம்பி, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே, பிடிங்க அவங்களை!

— பிடிக்க மாட்டேன் சார். அக்கா, அங்கே இல்லை. ஜன்னலுக்குக் கீழே வா. இடது மூலை. தகட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு அழுத்து, வலையோட உரிஞ்சு வரும்.

— வீடு பார்க்க வந்தவங்க ரெண்டு பேரும் வாசல்லயே ஏன் நிக்கிறீங்க? உள்ளே வாங்கம்மா. கிட்ட வந்து பாருங்க. கலரைப் பார்க்காதீங்க, உள்ளே பாருங்க.

— நிறுத்துங்கம்மா! விக்கிற வீட்டுச் சுவத்துல யாரைக் கேட்டுக் கை வச்சீங்க? உள்ளதைச் சொல்லுங்க, யாரு நீங்க?

— இந்தக் கலரை எடுத்துக் கொடுத்தவ.