வெள்ளைக் கோட்டுக்காரன் நின்ற அலமாரி

நகர மன்றத்தின் தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் மதிப்பிற்குரிய எல்வுட் பிராட்டன் அவர்களே! பனியில் வழுக்கி வழுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைத் தூங்கவைக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்காகவே இங்கே விழித்திருக்கும் தாய்மார்களே! இரண்டு தேர்தல்களில் எனக்கு வாக்களிக்க மறந்துபோன ஹார்மன்ஸ் ஃபெர்ரி நகரின் வாக்காளப் பெருமக்களே! கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பொம்மைக்கடை மேலாளர் ரிக் சோமர்ஸ் அவர்களே! எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

ஒருவருக்கு மூன்று நிமிடம் என்பது இம்மன்றத்தின் விதி. சென்ற ஆண்டு ஆற்றுப்பாலத்தின் விரிசலைப் பற்றிப் பேச எழுந்தேன். தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் மணியடித்து உட்காரவைத்தார் தலைவர். இன்று பாலம் மூடிக்கிடக்கிறது. நாம் ஊரைச் சுற்றிப் போகிறோம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இன்று எனக்கு ஆறு நிமிடம் உண்டு. ஆற்றில் படகு ஓட்டி ஓய்வுபெற்ற நம் வால்ட் ஹென்னபெர்கர் தம் மூன்று நிமிடங்களையும் எனக்கே கொடுத்துவிட்டார். தாமே பேசினால் குரல் உடைந்துவிடும் என்று அஞ்சுகிறார்.

அந்தப் பொம்மைக்கடை வாசலில் ஆண்டுதோறும் இம்மன்றம் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைக்கிறது. வசதி இல்லாத வீட்டுக் குழந்தைகளின் ஆசைகள் அதில் அட்டைகளாகத் தொங்குகின்றன. பெயர் இருக்காது. வயதும் ஆசையும் மட்டும் இருக்கும். மனமுள்ளவர் ஓர் அட்டையைப் பறித்து, கேட்டதை வாங்குவார். கடைக்காரர்களே இலவசமாக வண்ணத்தாள் சுற்றித் தருவார்கள். அதன்பின் அதைப் பிரிப்பது அந்தக் குழந்தையின் கை மட்டுமே.

சென்ற ஆண்டு வால்ட் பறித்த அட்டையில், “பெண், ஏழு வயது, டாக்டர் பொம்மை” என்றிருந்தது. அவர் குழந்தைகள் அலமாரிக்குப் போனார். தீயணைப்பு வீரர் பொம்மைக்கும் செவிலிப் பொம்மைக்கும் நடுவே வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவன் நின்றான். கண்ணாடி, கையுறை, கையில் ஒரு சின்னப் பை. மருந்து என்று நினைத்தார் வால்ட். வேறென்ன நினைப்பார்?

அவன் டாக்டர் அல்லன். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகன். போதை என்னும் விஷப்பொடி காய்ச்சுபவன், விற்பவன், கொல்பவன். கோட்டை விலக்கினால் இடுப்பில் துப்பாக்கி. கையிலிருந்த பையில் அந்தப் பொடி. பிளாஸ்டிக் பொடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஊரில் அதைப் பொம்மை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் பொடிக்கு ஒருவரையும் பறிகொடுக்காத வீடு இந்த அவையில் இருந்தால் கை உயர்த்துங்கள்.

ஒரு கையும் எழவில்லை. தலைவரே, உங்கள் கையும் எழவில்லை.

அந்த அட்டை ஜூன் என்ற சிறுமியுடையது. அவள் தாயை அதற்கு முந்தைய கோடையில் அந்தப் பொடிதான் கொண்டுபோனது. வளர்ப்பவள் சித்தி டார்லா, அதோ கதவோரம் நிற்கிறாள். கிறிஸ்துமஸ் காலையில் பரிசைப் பிரித்த ஜூனைக் காணவில்லை. கழிவறையில் தண்ணீர் விடும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. டார்லா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

“என்னடி பண்றே?”

“அந்தப் பைய வெட்டி எடுத்துப் போட்டேன் சித்தி, போகவே மாட்டேங்குது. அம்மாவோட பொடி கையில கிடைச்சப்பல்லாம் இப்படித்தான் தண்ணியில போட்டுடுவேன். ஒரு நாள் மட்டும் எனக்குக் கிடைக்கல.” பிறகு பொம்மையைக் காட்டிக் கேட்டாளாம், “டாக்டர் கையில அது ஏன் சித்தி இருக்கு?”

மறுநாள் டார்லா அந்தப் பொம்மையோடு கடைக்குப் போய் நின்றாள். ரிக் சோமர்ஸ் சொன்ன பதிலை அவள் வாயால் கேட்டேன். “பதினஞ்சு வயசுக்கு மேலன்னு பெட்டியிலயே போட்டிருக்கும்மா. படிக்காம வாங்கிட்டுப் போனா நான் என்ன செய்யட்டும்?” வால்ட் படிக்கவில்லை, சரி. வண்ணத்தாள் சுற்றிய உங்கள் கடையின் கை? குழந்தைக்கான பரிசு என்று தெரிந்தே ரிப்பன் கட்டிய கை? அதற்கும் எழுத்துத் தெரியாதா? அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் டார்லா இதைச் சொல்லி அழுதபோது, அத்தனை பேர் முன்னிலையில் எழுந்து நின்றவர் இந்த முதியவர்தான். “நான்தாம்மா வாங்கினேன்” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கேட்க வேண்டாதவர் ஓராண்டாகத் தலைகுனிந்து நடக்கிறார்.

யாரோ அங்கே, இது சுதந்திர நாடு என்கிறீர்கள். அதை வகுப்பறையில் இருபது ஆண்டு கற்றுக்கொடுத்தவன் நான், ஐயா. உங்களில் பாதிப்பேர் அப்போது தூங்கினீர்கள். நான் தடை கேட்கவில்லை. சிகரெட்டைக் கல்லாவுக்குப் பின்னால் வைக்கிறோம். பியர் கேட்டால் அடையாள அட்டை பார்க்கிறோம். அங்கே சுதந்திரம் செத்துவிட்டதா? பெரியவர்களின் பொம்மையைப் பெரியவர்களுக்கு விற்கட்டும், கல்லாவுக்குப் பின்னாலிருந்து, வயதைக் கேட்டு விற்கட்டும். செவிலிக்குப் பக்கத்தில் கொலைகாரனை நிறுத்துவதற்குப் பெயர் சுதந்திரம் அல்ல, சோம்பேறித்தனம். லாபமுள்ள சோம்பேறித்தனம்.

இந்த ஆண்டும் நம் மரம் அந்தக் கடை வாசலில் நிற்கலாமா என்று இன்றிரவு வாக்கெடுக்கப் போகிறீர்கள். நேற்றும் போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுக்காரன் அதே அலமாரியில், அதே இடத்தில் நிற்கிறான். அலமாரி மாறாமல் மரம் அங்கே போகக் கூடாது. வீட்டைச் சுத்தம் செய்ய ஏழு வயதுக் குழந்தைக்குத் துணிவிருந்தது. ஓர் அலமாரியைச் சுத்தம் செய்ய இத்தனை பெரியவர்களுக்குத் துணிவில்லையா?

தலைவரே, மணியிலிருந்து கையை எடுங்கள். எனக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. நிமிடங்களை யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழகாதவன் நான், உங்களுக்கே தெரியும். இந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். ரிக் சோமர்ஸ் அவர்களே, இது உங்களுக்கு. ஒலிபெருக்கி முன் வாருங்கள். எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். அதோ சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் ஜூன். டாக்டர் கையில் அது ஏன் இருந்தது என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், நேரம் தந்த வால்ட்டுக்கும் நன்றி. பாதை வழுக்கும், பார்த்துப் போங்கள். வணக்கம்.