அஞ்சு நிமிஷம் தொடலைன்னா

அம்பத்தூரில் மின்சார ரயிலில் ஏறி எதிரே உட்கார்ந்த இருவரில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியவன் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"அஞ்சு நிமிஷம் யாரும் தொடலைன்னா தூங்கிடணும்னு எழுதிட்டேன் மச்சான், அதான் தப்பு."

"யாரு தூங்கணும் மாமே?"

"ஃபேக்டரி மெஷின் மானிட்டர்தான். கரண்ட் மிச்சமாகட்டும்னு புரோகிராம்ல போட்டேன். ஸ்க்ரீன் கறுத்ததும் ஆபரேட்டருங்க மெஷினே போச்சுன்னு பயந்து, மொத்தமா நிறுத்துற செவப்பு பட்டனை அமுக்கிட்டாங்க. உள்ள அது நல்லா ஓடிட்டிருக்கு! ஸ்க்ரீன் அணைஞ்சா உயிரா போயிடும்?"

"அப்பால இன்னா பண்ணே?"

"நேரத்தை சைபர்னு மாத்திட்டேன். சைபர் போட்டா அணையவே அணையாது."

திருமுல்லைவாயல் தாண்டியது. போன் திரை மங்கியதும் பதறித் தட்டினான்.

"இன்னாத்துக்கு சும்மா தட்டிக்கினே கீறே? கால் வந்தா அதுவே அடிக்கப்போவுது."

"தெரியும். அவளை லேபர் வார்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு அத்தை சொன்னாங்க. அதுக்கப்புறம் போனே இல்ல."

"ஸ்க்ரீன் அணைஞ்சா இன்னா ஆவும்? இப்போ நீதானே சொன்னே?"

"அது மெஷின்டா."

நண்பன் போனுக்குக் கை நீட்டினான்.

"இதுல சைபர் எங்க கீது, காட்டு."