ரெண்டு சோ. காளை

— ஹிஸ்டரிய இப்பத் தொறக்காத ரோகிணி. யாரு எப்ப எழுதுனதுன்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல ப்ரோகிராம்ல இந்த இடம் என்ன செய்யுதுன்னு எனக்கு வாயால சொல்லு.

— அதாண்ணே சொல்ல வரல. பேஷன்ட் ரெக்கார்டு அம்புட்டும் நான் பாக்குற வேல. இந்தப் பத்து வரிய மட்டும் பாத்தா யாரோ எவரோ எழுதுன மாதிரி இருக்கு.

— பொறு பொறு, பதறாத. உங்க ஊரு ஆஸ்பத்திரியில திங்கக்கெழமதான நம்ம சாஃப்ட்வேர் ஓடப் போகுது. இன்னும் நேரம் இருக்கு.

— எனக்கு ஏதுண்ணே நேரம்? ப்ரொபேஷன் இன்னியோட முடியுது. எச்.ஆர். காலையில இருந்து வாயத் தொறக்கல. நீங்க என்னன்னா கூப்பிட்டு உக்கார வச்சு, கதவச் சாத்திட்டு, இந்த ஒரு இடத்த மட்டும் காட்டுறீங்க. எனக்குப் புரியாம இல்ல.

— என்ன புரிஞ்சுச்சு?

— ஏஐகிட்ட வாங்கி, வாசிக்காம ஒட்டிட்டு, அதையும் மறந்துட்டேன்னு நெனைக்கிறீங்க. எனக்கே இப்ப அப்பிடித்தான் தோணுது. நான் எழுதுனதா அது எழுதுனதான்னு சொல்லத் தெரியல பாருங்க, அதான் பயமா இருக்கு.

— நீ அத எம்புட்டுக்குப் பயன்படுத்துவ?

— டெய்லி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பழக்கம் வச்சிருந்தேண்ணே. சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல, சொல்லு.

— அது குடுத்தத வாசிச்சிட்டு மூடிருவேன். சாயங்காலம் வாடிப்பட்டி பஸ்ஸுல போறப்ப, லேப்டாப்ப மடியில வச்சு, நெட்டும் இல்லாம ஏஐயும் இல்லாம, அதையே நானா ஒருக்கா எழுதிப் பாப்பேன். எங்க முட்டுதோ அங்க எனக்கு வெளங்கலன்னு தெரிஞ்சிரும். பாதி நாளு முட்டும்.

— பஸ்ஸுலயா? பக்கத்துல இருக்கவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?

— மாட்டுத்தாவணியில பூ வித்துட்டு வார முத்துத்தாய் அத்தைதான் கேக்கும். எழுதி எழுதி அழிக்கிறியே, உனக்கு அழிக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறாங்கன்னு.

— நல்லாத்தான் கேட்டிருக்காங்க.

— இத எப்பிடிண்ணே விட்டேன்? ஒருக்கா எழுதிப் பாத்திருந்தாக்கூட கை மறந்திருக்காது.

— என் மகன் இருக்கான்ல. வீட்டுல நாங்க சௌராஷ்டிரத்துல பேசுறது அவனுக்கு அம்புட்டும் புரியும். நான் திட்டுனா எதுக்குத் திட்டுறேன்னு கரெக்ட்டாத் தெரியும். திருப்பிப் பேசுடான்னா தமிழுக்குத் தாவிருவான். புரியுறது வேற, பேச வாரது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டே ரொம்ப நாள் ஓட்டிரலாம்.

— அதெல்லாம் வந்துரும்ணே. பேச வீட்டுல ஆளு இருக்கீங்கல்ல. கூச்சத்த விட்டுட்டுப் பேசச் சொல்லுங்க, தப்பா வந்தாலும் பரவாயில்லன்னு.

— வரும்ங்கிற?

— கண்டிப்பா வரும்.

— சரி. நீயும் கூச்சப்படாம இதச் சொல்லு. தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல.

— வந்து… ஒரே ஆளுக்கு ரெண்டு சீட்டு இருந்தா, ரெண்டையும் ஒண்ணாச் சேக்குது. அம்மாவாசைக்கு ஒருக்கா வந்து, பழைய சீட்டத் தொலச்சுட்டுப் புதுசாப் பதிஞ்சிட்டுப் போறவங்க இருப்பாங்கல்ல, அதுக்காக.

— ஒரே ஆளுதான்னு எத வச்சு முடிவு பண்ணுது?

— இனிஷியல், பேரு, பொறந்த தேதி, ஊரு. இது அம்புட்டும் ஒத்துப் போச்சுன்னா ஒரே ஆளு.

— லாஜிக்காத்தான இருக்கு? அம்புட்டும் ஒத்துப்போற ரெண்டு பேரு எங்க இருக்கப் போறாங்க? டெஸ்ட்டும் பாஸ் ஆயிருக்கு.

— டெஸ்ட்டுல யாரப் போட்டிருக்குன்னு பாக்கலாமா… இந்தா பாருங்க. கண்ணுச்சாமி, பவதாரிணி, தமிழ்வாணி. ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு தேதி. டெஸ்ட்டையும் ஏஐயே எழுதிருக்குண்ணே. அது எழுதுனத அதே பாஸ் பண்ணிக்கிருச்சு.

— பொறந்த தேதி ஆளுக்கொண்ணாத்தான இருக்கும்?

— ஆமா… இல்ல, இருங்கண்ணே.

— ஏன் நிறுத்திட்ட?

— எங்கப்பாவுக்கு ஜூன் ஒண்ணுண்ணே.

— சரி?

— பக்கத்து வீட்டுச் சின்னப்பாவுக்கும் ஜூன் ஒண்ணு. அதே வருசம். அவுங்க கூடப் படிச்சவங்க பாதிப் பேருக்கு அதான் தேதி. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப பொறந்த தேதி வீட்டுல யாருக்கும் தெரியல. வாத்தியாரு எல்லாருக்கும் ஒரே தேதியப் போட்டு விட்டுட்டாரு.

— எங்க மாமனாருக்கும் அந்தக் கததான். ஆனா பேரு வேறயா இருக்குமே?

— எங்கப்பா பேரு காளை. சின்னப்பா பேரும் காளை. ரெண்டு பேருக்கும் குலசாமி பேரு. எங்க தெருவுல காளைன்னு கூப்பிட்டா நாலஞ்சு பேரு திரும்புவாங்க. எங்க தாத்தா சோணை, சின்னப்பாவோட அப்பா சோணைமுத்து. எழுதுறப்ப ரெண்டும் சோ. காளைதான். ஊரும் ஒண்ணு.

— அப்பன்னா இது…

— ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிரும். அப்பாவுக்குச் சுகரு. சின்னப்பாவுக்கு அது கெடையாது, மூட்டு வலிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாரு. இனிமே அவரு போனா அப்பாவோட சுகர் மாத்திரையும் சேந்து வரும். அந்த மனுசன் என்ன ஏதுன்னு கேக்க மாட்டாரு. குடுத்தத முழுங்கிட்டு வயலுக்குப் போயிருவாரு. தண்ணி பாச்சப் போன எடத்துல தனியா மயங்கி விழுந்தா யாருண்ணே பாப்பா?

— கடவுளே. திங்கக்கெழமைக்குள்ள மாத்த முடியுமா?

— ஏன் முடியாது? அதுவாச் சேக்கக் கூடாது. ஒரே மாதிரி ரெண்டு சீட்டு இருந்தா, ரெண்டையும் ஆஸ்பத்திரியில பதியிறவங்களுக்குக் காட்டணும். அவங்க ஆளப் பாத்து, போன் நம்பரக் கேட்டு, ஆமான்னு சொன்னாத்தான் சேக்கணும். முதல்ல நானே எழுதிர்றேன். அப்புறம் ஏஐகிட்ட குடுத்து, எங்க ஓட்டை இருக்குன்னு தேடச் சொல்றேன், அதுல அது கெட்டி. ஆனா டெஸ்ட்டுக்கு எங்க தெரு ஆளுகளத்தான் போடுவேன்.

— உன் முகம் இப்பத்தான் தெளிஞ்சிருக்கு.

— வெளங்கிருச்சுல்லண்ணே. இம்புட்டு நேரம் கண்ணக் கட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு. இத முடிச்சுக் குடுத்துட்டு நான் கெளம்புறேன். எச்.ஆர்.கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லிருங்க. பெத்த அப்பன் சீட்டு மாறிப் போறதையே வாசிக்காம விட்டவள எந்த ஆபீசுல வச்சுக்குவாங்க? நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— உக்காரு ரோகிணி. உன்னையப் பெர்மனன்ட் பண்ணச் சொல்லிக் காலையிலயே நான் மெயில் போட்டாச்சு.

— அப்ப எதுக்குண்ணே கதவச் சாத்தி வச்சு இம்புட்டுக் கேள்வி?

— நீ திருவிழாவுக்கு லீவு போட்டிருந்தப்ப, ஏஐகிட்ட கேட்டு இந்தப் பத்து வரிய வாங்கி, வாசிக்காம ஒட்டுனது நாந்தாம்மா. நேத்து ஏதோ மனசு உறுத்தி வாசிச்சுப் பாத்தேன். எனக்கு வெளங்கல. உன்கிட்ட நேராக் கேக்கக் கூச்சப்பட்டு உன்னைய இப்பிடித் தவிக்க விட்டுட்டேன், மன்னிச்சுக்க. கொஞ்சம் தள்ளி உக்காரு, கீபோர்ட என் பக்கம் குடு. இத நான் எழுதுறேன், எங்க முட்டுறேன்னு நீ பக்கத்துல இருந்து பாரு.